பதினொரு மணிக் கோளாறு

கல்குவாரி புல்டோசருக்குத் தினமும் பதினொரு மணியானால் மூச்சு வாங்கும். டர்போவின் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் உளறுகிறது என்று விளக்கு எரியும், எஞ்சின் பாதி பலத்துக்கு இறங்கிவிடும். மெக்கானிக் ஒரு மணிக்கு வந்து பார்த்தால் ஒன்றும் தெரியாத பிள்ளையாய் ஓடும். ஏன் ஒரு மணிக்கு என்றால், அவர் சாப்பிடும் நேரம் அது. ஆபரேட்டர் அவருடைய தங்கை கணவன். மச்சானின் டிபன் கேரியரைக் காலையிலேயே வாங்கி வைத்து, மதியம் ஆவி பறக்கக் கொடுப்பான். எங்கே சுட வைக்கிறான் என்று மெக்கானிக் கேட்டதே இல்லை. சாப்பிடுகிற மும்முரம்.

மூன்று வாரத்தில் மூன்று சென்சார் மாற்றியாயிற்று. நாலாவதைக் கேட்டதும் முதலாளியம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"நாளைக்குக் காலையிலேருந்து வண்டியிலயே உக்காருங்க. கண்டுபிடிக்கலன்னா பெட்டியக் கட்டிக்கலாம்."

ஐம்பது வயதில் எங்கே போய் வேலை கேட்பது? மெக்கானிக் மறுநாள் கேபினில் கோளாறு காட்டும் ஸ்கேனரை வண்டியில் மாட்டிக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தார். பத்து மணிவரை சுகம். பதினொன்றுக்கு விளக்கு எரிந்தது. எஞ்சினை அணைக்காமல் வண்டியை நிறுத்தச் சொல்லி, பாய்ந்து போய் எஞ்சின் மூடியைத் திறந்தார்.

கொதிக்கும் டர்போவை ஒட்டி அவருடைய கேரியர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. காலையில் ஓரமாக வைத்தது, அதிர்வில் நகர்ந்து நகர்ந்து சென்சார் வயர்மேல் ஏறிவிட்டிருந்தது. அதன் அடியில் வயர் தோல் உருகி இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. துணியைச் சுற்றிக் கேரியரைத் தூக்கினார். வயர் விலகியது, கேபினில் விளக்கும் அணைந்தது. பாவம், மூன்று சென்சாரும் நிரபராதிகள்.

முதலாளியம்மா பின்னால் வந்து நின்றார். "யாரோடது இது?"

"என்னோடதும்மா" என்றான் ஆபரேட்டர், மச்சானைப் பார்க்காமலே.

"அப்ப நாளையிலேருந்து நீ வரவேணாம்."

மெக்கானிக் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார், பொய் சொல்வானேன். பிறகு தங்கை முகம் கண்முன் வந்தது, வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்னோடதும்மா. ஆறிப்போனா எனக்கு இறங்காதுன்னு மாப்ளகிட்ட நான்தான் சொன்னேன். அனுப்புறதா இருந்தா என்னை அனுப்புங்க."

முதலாளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கேரியரை வாங்கி, அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து திறந்தார்.

"யாரும் போகவேணாம். வயரை மாத்தி, சூடு படாத பக்கமா கொண்டுபோய் இறுக்கிக் கட்டுங்க. அதுவரைக்கும் நான் சாப்பிடுறேன்."

மெக்கானிக் புது வயருக்கு உறை போட்டார், நாலு இடத்தில் கிளிப் அடித்தார், இழுத்து இழுத்துப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் கரண்டி அடித்தட்டைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"நல்லாத்தான் சுட வச்சிருக்கான்" என்றார் முதலாளியம்மா.