நான்கு விரல் உயரத்தில் ஒரு சக்கரம்

1

முதலில் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கார். அதன் முன்சக்கரங்கள் இரண்டில் வலதுபக்கத்துச் சக்கரம் தரையில் நன்றாக ஊன்றி நிற்கிறது. இடதுபக்கத்துச் சக்கரம் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் தொங்குகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எது சுற்ற வேண்டும்? தரையில் நிற்பதுதான் சுற்ற வேண்டும், அதற்குத்தான் ஏதாவது பயன் உண்டு. ஆனால் தொங்குகிற சக்கரம் கிறுகிறுவென்று சுற்றுகிறது. ஊன்றி நிற்பது தனக்கும் இந்த வண்டிக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் நிற்கிறது. ஏன்?

இந்தக் கதை இந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. பெரிய மனிதத் துயரம் ஏதோ என்னைத் தூங்கவிடாமல் செய்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும். அப்படி எதுவுமில்லை. போன மாதம் ஹாரன் வேலை செய்யவில்லை என்று மெக்கானிக்கிடம் போனேன். அங்கே லிஃப்டில் தூக்கி வைத்திருந்த ஒரு காரின் ஒரு சக்கரத்தை அவர் கையால் முன்னோக்கி உருட்ட, எதிர்ப்பக்கத்துச் சக்கரம் தானாகப் பின்னோக்கி உருண்டது. இருபது தடவையாவது உருட்டச் சொல்லிப் பார்த்திருப்பேன். வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்தேன். ஹாரன் இன்றுவரை அடிக்கவில்லை.

2

சக்கரம் கிடைத்துவிட்டது. ஆள் வேண்டும்.

முதல் வரைவில் கதாநாயகர் கவிஞர். வண்டி பள்ளத்தில் மாட்டியதும் அவர் மகிழ்ந்துபோய் அங்கேயே எழுத ஆரம்பித்துவிட்டார். கதை நகரவில்லை. இரண்டாம் வரைவில் பொறியாளர். மூன்றே நிமிடத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மூன்று நிமிடக் கதை இன்னும் மேஜையில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் தருகிறேன்.

மூன்றாவதாக வந்தவர் சரியாக வந்தார். கடைகளில் இருக்கும் தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று சோதிப்பது அவர் வேலை. தராசுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் வேலை செய்யும் விதம் முக்கியம், கவனியுங்கள். எந்தத் தராசிடம் போனாலும் முதலில் தட்டைக் காலி செய்வார். துடைப்பார். சமமான இடத்தில் வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார். பிறகுதான் மரப்பெட்டியைத் திறந்து, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஐந்து கிலோ எஃகு எடைக்கல்லை எடுப்பார். வெறுங்கையால் தொட்டால் விரலின் எண்ணெய்ப்பசை கல்லில் ஒட்டி எடை கூடிவிடும்.

[எவ்வளவு கூடும் என்று அவரிடம் கேட்டேன். நாற்பது நிமிடம் பதில் சொன்னார். இங்கே சேர்க்கவில்லை.]

இரண்டு வருடம் முன்பு அவர் பழைய காரைப் பின்னால் எடுக்கும்போது ஒரு சுவரில் இடித்துவிட்டார். இருந்த சுவரில் இடித்திருந்தாலாவது பரவாயில்லை. கட்டிக்கொண்டிருந்த சுவர். கொத்தனார் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் எந்த வண்டிச் சாவியும் அவர் கைக்கு வந்ததில்லை. இப்போது இருக்கும் சின்ன எஸ்யூவி அவர் மனைவி வாங்கியது. மனைவி வீடு வீடாகப் போய் நோயாளிகளை நடக்கப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட். இரண்டாவது சாவி அவருடைய கைப்பையில்தான் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாவி வெளியே வந்தது.

"வாட்டர் வாஷ் பண்ணி நாலு மணிக்குள்ள வாசல்ல நிக்கணும். அஞ்சு மணிக்கு ஒருத்தர் முதல் தடவையா வாக்கர் இல்லாம நடக்கப் போறார். நான் பக்கத்துல இருந்தே ஆகணும்."

"நிக்கும்."

"ஏதாவது ஆச்சுன்னா இந்தச் சாவிய மறந்துடுங்க. நான் கோபப்படக்கூட மாட்டேன்."

கோபப்படமாட்டேன் என்றதுதான் அவரைப் பயமுறுத்தியது.

3

இனி தொடக்கம். பல தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'தொலைவில் மண்ணும் வானமும் ஒன்றையொன்று—' (வேண்டாம். இந்தக் கதையில் வானத்துக்கு வேலையில்லை.)

'சுதந்திரம் என்பது தார்ச்சாலை முடியும் இடத்தில்—' (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.)

'மாமா, ஒரு நிமிஷம் லெஃப்ட்ல திருப்புங்க.'

இது சரி. இதைச் சொன்னவன் மனைவியின் தம்பி. மொபைல் கடையில் புதுப் போன்களை இயக்கிக் காட்டுவது அவன் வேலை. வீட்டிலும் எதையாவது இயக்கிக் காட்டிக்கொண்டே இருப்பதால் எல்லோரும் டெமோ என்று கூப்பிடுகிறார்கள். காட்டிலும் மேட்டிலும் கார் ஓட்டும் வீடியோ முந்நூறு பார்த்திருக்கிறான். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

"வாட்டர் வாஷ் ரைட்ல இருக்குடா."

"மாமா, வண்டியப் பாருங்க. ஒரு பொட்டு சேறு இருக்கா? எதுக்குக் கழுவணும்? கழுவுறவனுக்கே மனசு உறுத்தும்."

தராசுக்காரர் யோசித்தார். இல்லாத அழுக்கை நீக்குவதற்குக் கூலி. இது அவர் தொழில் தர்மத்துக்கே எதிரானது. இடது பக்கம் திருப்பினார்.

ஊருக்கு வெளியே, ஒரு கல்கூட இல்லாத, வழுவழுப்பான களிமண் வெளி. மேட்டில் ஏறியபோது வண்டி கொஞ்சம் மூக்கைத் தூக்கியது. இறங்கியபோது இருவருடைய வயிறும் லேசாகியது. சேறு கண்ணாடி வரை அடித்தது. தராசுக்காரர் சிரித்தார். இரண்டு வருடத்தில் அவர் இப்படிச் சிரித்ததே இல்லை என்று எழுதப்போனேன். அது மிகை. மார்ச்சில் ஒரு தடவை சிரித்தார்.

பிறகு குறுக்கே ஒரு ஓடை வந்தது. தண்ணீர் ஓடாத ஓடை, முழங்கால் ஆழம்.

"கோணலா விடுங்க மாமா. நேரா விட்டா மூக்கு இடிக்கும். வீடியோல எல்லாரும் கோணலாதான் தாண்டுறாங்க."

"அவங்க வண்டி எப்படி?"

"அதுல நாலு வீலும் இழுக்கும்."

"இதுல?"

"இதுவும் வெள்ளை கலர்தான் மாமா."

[சின்ன எஸ்யூவிகள் பலவற்றில் முன்சக்கரங்கள் இரண்டு மட்டுமே இழுக்கும். வண்டி உயரமாக இருப்பதால் எல்லாம் முடியும் என்று தோன்றும். உயரமான ஆட்கள் எல்லோருக்கும் நீச்சல் தெரிவதில்லை.]

கோணலாகத் தாண்டினார். முன் வலது சக்கரம் எதிர்க்கரையில் ஏறியது. பின் இடது சக்கரம் இந்தக் கரையிலேயே இருந்தது. மற்ற இரண்டுக்கும் கீழே ஓடை. ஆட்டம் காண்கிற நாற்காலியை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு கால்களில்தான் அது நிற்கும். வண்டி அப்படி நின்றது. முன் இடது சக்கரம் மண்ணை லேசாக நக்கிக்கொண்டு சுற்றியது.

4

இங்கே கதையை நிறுத்திவிட்டு விளக்குகிறேன். எனக்கு இதுதான் பிடித்த பகுதி. அவசரமிருப்பவர்கள் அடுத்த எண்ணுக்குப் போகலாம், ஆனால் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். ஆகவே இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுகக் கட்ட முடியாது. நடுவில் ஒரு பல்சக்கரப் பெட்டி வைத்து, யாருக்கு எவ்வளவு வேகம் வேண்டுமோ அவ்வளவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்கள். ஒரு குழாய் இரண்டாகப் பிரிவது போல. ஒரு வாயை விரலால் அடைத்தால் தண்ணீரெல்லாம் திறந்த வாய் வழியாகப் போய்விடும். தொங்குகிற சக்கரம் திறந்த வாய். இன்ஜின் தருகிற சுழற்சி முழுவதும் அங்கே போகிறது. ஊன்றிய சக்கரத்துக்கு மிச்சமில்லை.

ஆக, சக்கரத்தின் மீது தப்பில்லை. எளிய வழியில் போகிறது. நானும் அப்படித்தான், இல்லாவிட்டால் இந்நேரம் நாவல் எழுதியிருப்பேன்.

6

(ஐந்தாம் பகுதியில் மழை பெய்தது. மழை வந்தாலே கதாபாத்திரங்கள் கடந்தகாலத்தை நினைக்க ஆரம்பிக்கிறார்கள். எடுத்துவிட்டேன்.)

தராசுக்காரர் இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். ஒன்று சாய்ந்திருக்கிறது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு இருபது வருடமாகத் தெரியும்.

"முதல்ல தட்டைக் காலி பண்ணு."

"எந்தத் தட்டு மாமா?"

"வண்டிதான்டா. நீ இறங்கு."

முன் இடது இருக்கையிலிருந்து டெமோ இறங்கினான். அவன் காலடியில், தராசுக்காரர் எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகும் எடைக்கல் மரப்பெட்டி. எட்டுக் கல், நாற்பது கிலோ. தராசுக்காரர் கையுறை மாட்டினார். சேற்றின்மேல் துண்டை விரித்தார். ஒவ்வொரு கல்லாக எடுத்து வரிசையாக வைத்தார்.

"மாமா, மணி மூணே கால்."

"கைபடாம எடுக்கணும்."

எல்லாம் காலியானதும் வண்டி மெல்ல ஆடி, சமநிலைக்கு வந்து நின்றது. பானெட்டின் மீது அவர் தன் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில். முகம் மலர்ந்தது. அவர் வாழ்க்கையில் சோதித்ததிலேயே பெரிய தராசு அது.

முன் இடது சக்கரம் இப்போது நான்கு விரல் மேலே போயிருந்தது.

ஏறி உட்கார்ந்து மிதித்தார். சக்கரம் அலறியது. அப்போது போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?"

"வாட்டர் வாஷ்ல. க்யூ."

"க்யூல நிக்கிற வண்டி ஏன் இப்படிக் கத்துது?"

காலை எடுக்க மறந்திருந்தார்.

"போனைத் தம்பிகிட்ட குடுங்க."

டெமோ வாங்கினான். "அக்கா" என்றான். அதற்குமேல் அவனிடம் ஒன்றும் கேட்கவேண்டியிருக்கவில்லை. இடத்தை அவனே அனுப்பிவிட்டான்.

7

இப்போது முடிவு வேண்டும். நான் எழுதுவதை முதலில் படிப்பவர் மெக்கானிக். ஒவ்வொரு முடிவையும் எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன்.

முடிவு அ: ஒரு டிராக்டர் வந்து இழுத்துவிடுகிறது. "வரும். ஆனா ஏன் வருது? நீங்க கூப்ட்டா எல்லா இடத்துக்கும் டிராக்டர் வருமா? என் கடைக்கு ஒண்ண வரச் சொல்லுங்க, தள்ளுறதுக்கு வண்டி நிக்குது."

முடிவு ஆ: கதாநாயகர் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சுற்றுகிற சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறார். நான் பெருமையோடு படித்துக் காட்டினேன். "சார், ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்கும். சுத்துறது முன்சக்கரம். உங்க ஆளு இழுத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

முடிவு இ: சக்கரத்துக்கு அடியில் கல் அடுக்குகிறார்கள். "இது நல்ல வழி. செய்யலாம்." ஆனால் மூன்றாம் பகுதியில் நான் அழகுக்காக 'ஒரு கல்கூட இல்லாத' என்று எழுதிவிட்டேன். அங்கே இருக்கிற கற்கள் எட்டே எட்டு. அவற்றைச் சேற்றில் போடுவதைவிடத் தராசுக்காரர் பள்ளத்திலேயே குடியிருக்கத் தயார்.

"அப்போ நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"அந்தம்மா கிளம்பிட்டாங்கல்ல? வரட்டும். அவங்கதான் கால் டாக்டர்."

8

மணி நான்கு இருபதுக்கு வாடகைக் கார் சாலையோரம் நின்றது. மனைவி இறங்கிக் களிமண்ணில் நடந்து வந்தார். இரண்டு தடவை வழுக்கியது. டெமோ கைகொடுக்கப் போனான். அவர் பார்த்த பார்வையில் திரும்பி வந்துவிட்டான்.

அவர் திட்டுவார் என்று மூன்று பத்தி எழுதி வைத்திருந்தேன். திட்டவில்லை. வண்டியைச் சுற்றி நடந்தார். நோயாளியைச் சுற்றி அப்படித்தான் நடப்பார்.

"எந்தக் கால் ஊனல?"

"முன் இடது" என்றார் தராசுக்காரர்.

"அந்தப் பக்கம் என்ன இருந்தது?"

"நான் இருந்தேன் அக்கா. மாமாவோட கல்லும் இருந்தது."

"இப்ப?"

"எல்லாத்தையும் இறக்கிட்டேன்" என்றார் தராசுக்காரர். "பர்ஃபெக்டா பேலன்ஸ் ஆயிடுச்சு. குமிழி பாரு, நடுவுல."

"ஏங்க, ஊனாத காலுக்கு எடைய ஏத்தணும். எடுத்தா எப்படி ஊனும்? தினம் இதத்தானே பத்து வீட்ல கத்திக்கிட்டு வர்றேன்."

தராசுக்காரர் குனிந்து, ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார். அது வலது பக்கம். ஊன்றி நிற்கும் இரண்டு சக்கரங்களையும் இணைக்கிற மூலைவிட்டத்துக்கு அப்பால், தொங்குகிற சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம். அவர் மெதுவாக நிமிர்ந்தார்.

"அப்போ நான் ஸ்டியரிங்ல உட்காரும்போதெல்லாம் அந்த வீலத் தூக்கிக்கிட்டு இருந்திருக்கேன்."

"எவ்ளோ வெயிட் இருப்பீங்க?"

"எண்பத்தி நாலு புள்ளி ஆறு. காலையில."

"நான் ஐம்பத்தி ரெண்டு."

இருவரும் ஒரே கணக்கைப் போட்டார்கள். மனைவி கேட்கவில்லை, கையை நீட்டவுமில்லை. தராசுக்காரர் சட்டைப்பையிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்தார். கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் கொடுத்தார்.

(இந்த வாக்கியத்தை நான் ஒன்பது முறை திருத்தினேன். அவர் கொடுக்கத் தயங்கினார் என்று ஒரு முறை. கண் கலங்கினார் என்று ஒரு முறை. மெக்கானிக் படித்துவிட்டு, "கொடுத்தார்னு மட்டும் போடுங்க, வண்டி வெளிய வரட்டும்" என்றார்.)

9

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? அவர்கள் மூவரும் சேறு அப்பிய அந்த வண்டியிலேயே நேராக நோயாளி வீட்டுக்குப் போனார்கள். ஐந்துக்கு மூன்று நிமிடம் இருந்தது. மனைவி உள்ளே ஓடினார். ஓடும்போது சாவி எங்கே இருந்தது? கைப்பைக்குள் போயிற்றா, வண்டியிலேயே தொங்கியதா, பின்னால் திரும்பாமலே கணவர் கையில் வைத்துவிட்டுப் போனாரா? மூன்றையும் எழுதினேன், மூன்றும் நடக்கக்கூடியவை, மூன்றிலும் டெமோ உளறுகிறான். இரண்டு வருடம் சுவரை மறக்காத ஒருவரைப் பற்றி முடிவெடுக்க எனக்குத் துணிவில்லை. நீங்கள் திருமணமானவராக இருந்தால் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி எப்படி வெளியே வந்தது என்பதை மட்டும் நான் உறுதியாகச் சொல்ல முடியும், மெக்கானிக் சரிபார்த்துவிட்டார். எட்டுக் கற்களும் பெட்டியோடு முன் இடது இருக்கையின் காலடிக்குத் திரும்பிப் போயின. அந்த இருக்கையில் தராசுக்காரர் உட்கார்ந்தார். அவர் மடியில், இருவரும் விரும்பாவிட்டாலும், டெமோ உட்கார்ந்தான். ஐம்பத்திரண்டு கிலோ ஆள் ஸ்டியரிங்கில். வண்டி இடது பக்கம் சாய்ந்தது, சக்கரம் நான்கு விரல் இறங்கி மண்ணைத் தொட்டு அழுத்தியது. முதல் கியர், கால் மெதுவாக. இரண்டு முன்சக்கரங்களும் சேர்ந்து இழுத்தன.

தொங்குகிற சக்கரத்தின் பக்கம் எடையை ஏற்ற வேண்டும், கனமான ஆள் அந்தப் பக்கம் உட்கார வேண்டும், இலேசான ஆள் ஓட்ட வேண்டும்.