கஸ்தூரியின் கழுத்து

பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு! வில்லியனூர் சந்தையில் நான் வாயைத் திறந்தால் கத்தரிக்காய்க்காரன் தராசைக் கீழே வைத்துவிடுவான்.

பத்து நாளாக மூக்கில் ரத்தம். தலையில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினார்கள், வெங்காயத்தை முகரச் சொன்னார்கள். நின்றபாடில்லை. மாட்டு வண்டியில் போட்டுப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் உலகநாதன் முதலில் மூக்குக்குள் மருந்துக் குச்சியால் சுட்டார். அப்புறம் ஒரு நூலை மூக்கில் விட்டு வாய்வழியே எடுத்து, அதில் துணிச்சுருளைக் கட்டி, உள்நாக்குக்குப் பின்னால் இழுத்து அடைத்தார். முன்னாலும் அடைத்து, நூலை மூக்கு வாசலில் முடிச்சுப் போட்டார். திரும்ப எடுப்பதற்கு இன்னொரு நூல் கன்னத்தில் ஒட்டியிருந்தது. மூச்சு வாயால் மட்டும்தான். எச்சில் விழுங்கினால் குமட்டியது. அம்மாடி, அது நரகம்.

இரண்டு தடவை மாற்றி அடைத்தும் கசிந்தது. மூன்றாம் நாள் காலையில் டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்:

"இன்னொரு தடவ அடைக்கலாம், ஆனா நிக்கும்னு நம்பிக்கை இல்ல. கழுத்துல கீறி, மூக்குக்கு ரத்தம் போற குழாயக் கட்டிடலாம். அதுலயும் ஆபத்து உண்டு. சும்மா விட்டா இன்னும் ரெண்டு நாள் தாங்கமாட்டாங்க. நீங்க கைநாட்டு வைக்கணும்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. வாய்க்காலில் உடைப்பு எடுத்தால் மண்ணைக் கொட்டிக்கொண்டே இருப்போமா? மேலே போய் மதகை அடைப்போம். ஏரித் தண்ணீரில் நெல் விளைவிக்கிற தங்கவேலுக்கு, எனக்குத் தாலி கட்டிய அந்த மகராசனுக்கு, இது புரியவில்லை.

அவர் அக்கா விருத்தாம்பாள் முந்திக்கொண்டாள். "மூக்குல ரத்தம் வந்தா கழுத்த இன்னாத்துக்குடா அறுக்கணும்? ஆட்டுக்குட்டியா அவ?"

நான் கையை உயர்த்தினேன். கழுத்தைத் தொட்டு, விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினேன். அறுக்கட்டும் என்றுதான் அர்த்தம்.

"பாருடா! அறுக்காதீங்கன்னு கெஞ்சுறா!" என்று நாத்தனார் அழுதாள்.

அடிப்பாவி! இல்லை என்று தலையை ஆட்டினேன். பின்னந்தொண்டையில் ரத்தம் சூடாக இறங்கியது. "அசையாத புள்ள" என்று இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். வாயைத் திறந்தேன். நாத்தனார் உள்ளங்கையை வைத்து மூடினாள். எனக்கு மூச்சு வர அந்த ஒரு வழிதான் இருந்தது. இவர்கள் பாசத்தாலேயே சாகப்போகிறேன் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பித் தப்பித்தேன்.

"ஊருக்கே கொண்டுபோயிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். நாத்தனார் என் புடவையைச் சுருட்டி மூட்டை கட்ட எழுந்தாள். ஒரு கை விடுபட்டது.

மூக்கு வாசலில் இருந்த முடிச்சை நகத்தால் பிய்த்தேன். கன்னத்து நூலைப் பிடித்து ஒரே இழுப்பு. துணிச்சுருள் வாய்வழியே வந்தது, பின்னாலேயே ரத்தம். டாக்டர் ஓடிவந்தார்.

"யோவ்," என்றேன். என் வீட்டுக்காரரை அதுவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. "அறுக்கச் சொல்லு. வெரல வையி."

"நீ செத்துட்டா நான்தான் கழுத்தறுக்கச் சொன்னேன்னு ஆயிடுமேடி" என்று அழுதார்.

"அறுக்காம செத்தா அது யாரு தலையில?"

டாக்டர் என் மூக்கை இறுக்கிப் பிடித்தபடியே, காகிதத்தை என் வீட்டுக்காரர் பக்கம் தள்ளினார். என் ரத்தம் காகிதத்தில் சொட்டியது. அவர் என்னைப் பார்க்காமல் விரலை வைத்தார்.

பிழைத்துக்கொண்டேன். கழுத்தில் விரல் நீளத்துக்குத் தழும்பு. யாராவது கேட்டால், "என் தம்பி துணிஞ்சி கைநாட்டு வச்சான், இவ பொழைச்சா" என்று நாத்தனார் ஆரம்பித்துவிடுவாள். அந்தப் பேச்சு வந்தாலே என் வீட்டுக்காரர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.