கண்ணாடி அறையில் தெய்வசிகாமணி

தெய்வசிகாமணி தனக்குப் பாம்புக் காது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வினையே அதில்தான்.

மில்லில் முப்பது வருஷம் தறி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். மருமகள் பூர்ணிமா, தான் கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை, காப்பியைக்கூட நாய்க்கு வைக்கிற மாதிரி சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போகிறாள் என்று தீபாவளியன்று சம்பந்தி முன்னாலேயே கத்தித் தீர்த்துவிட்டார். அழுதுகொண்டே போனவள் ரெட்டியார்பாளையத்தில் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள். மகன் கோபிநாத் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஸ்கூட்டரில் அலையாய் அலைந்தான்.

"உன் காதை ஒருதடவ டெஸ்ட் பண்ணிடலாம்பா" என்றான் கடைசியில்.

"பண்ணுடா! கோளாறு எனக்குன்னா நானே அவகிட்ட மன்னிப்பு கேக்கறேன். இல்லன்னா அவ வந்து கேக்கணும்!"

லாஸ்பேட்டையில் ஒரு காது பரிசோதனை நிலையத்துக்குப் போனார்கள். கோபிநாத் கூப்பிட்டதால் பூர்ணிமாவும் வந்து ஓரமாக நின்றாள். பரிசோதிக்கிற பெண் பெனிஷா, அவரைச் சின்னக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினாள்.

"எவ்ளோ மெல்லிசா கேட்டாலும் விரலைத் தூக்குங்கய்யா."

கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கருவி முன்னால் உட்கார்ந்தாள்.

முதல் சில சத்தங்கள் நன்றாகவே கேட்டன. அப்புறம் ஒன்றுமே இல்லை. ஆனால் பெனிஷா பொத்தானை அழுத்துவது பளிச்சென்று தெரிந்தது. தறி இரைச்சலில் உதட்டையும் கையையும் பார்த்தே பேசிப் பழகிய கண், விடுமா? அவள் அழுத்த அழுத்த இவர் விரலைத் தூக்கினார். இந்த வயசில் திருட்டுத்தனமா என்று வெட்கமாகத்தான் இருந்தது. மருமகள் முன்னால் தலைகுனிவதற்கு இது தேவலை என்று நினைத்துக்கொண்டார்.

பெனிஷா எழுந்து உள்ளே வந்தாள். அவர் கண்ணுக்கு நேரே நின்று சொன்னாள்: "கடைசி அஞ்சு தடவையும் நான் சும்மாதான் அழுத்தினேன், சத்தமே அனுப்பலய்யா."

அவருக்கு முகமெல்லாம் எரிந்தது. பெனிஷா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். அதற்குப் பிறகு அவர் விரல் தொடைமேலேயே கிடந்தது.

முடிந்ததும் கோபிநாத்திடம் தாளைக் காட்டிப் பெனிஷா உரக்கவே சொன்னாள்: "கனமான சத்தம் கேக்குது. கீச்சு சத்தம் ரெண்டு காதுலயும் போயிடுச்சி. தறி இரைச்சல் பண்ண வேலை. எதிர்ல நின்னு பேசினா வாயைப் பாத்துப் புரிஞ்சிக்கிறாரு. குனிஞ்சிக்கிட்டுப் பேசினா ஒண்ணும் கேக்காது."

பூர்ணிமா அவர் எதிரில் நிமிர்ந்து பேசியதே கிடையாது. மாமனாருக்கு மரியாதை என்று, வந்த நாளிலிருந்து கதவோரம் தலைகுனிந்து நின்றுதான் பேசுவாள். அந்த மரியாதையைத்தான் திமிர் என்று நாலு பேர் முன்னால் ஏசியிருக்கிறார். சே, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று உடம்பே கூசியது.

வெளியே வந்ததும் பூர்ணிமா குனிந்தபடியே ஏதோ சொன்னாள். வழக்கம்போல முறைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

"எனக்குக் கேக்கலம்மா. தப்பு என் மேலதான். மன்னிச்சிடு. நிமிந்து சொல்லும்மா."

அவள் நிமிர்ந்து பேசினாள். அவரால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சொன்னது அப்போதும் கேட்கவில்லை.