கழலாத நட்டும் பேசாத மச்சானும்

எங்கள் படகுக்கு ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு. என்ன நிறம் அடிப்பது என்பதில் எனக்கும் என் மச்சானுக்கும் ஒத்துவரவில்லை. அன்று நின்ற பேச்சு அப்படியே நிற்கிறது. எங்களுக்கு இரண்டு படகு இருப்பதாகத் துறையில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றாலும் என் மனைவி வழியாகத்தான் கேட்போம். அவளுக்கு அவன் கூடப்பிறந்த தம்பி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

படகைக் கரைச் சரிவில் ஏற்றியிருந்தோம். புரொப்பல்லரில் ஓர் இறக்கை ஒடிந்திருந்தது. புதியதை மாட்ட வேண்டுமானால் பழையதைப் பிடித்திருக்கும் நட்டு கழல வேண்டும். சாயங்காலம் தண்ணீர் ஏறும்போது படகை இறக்கியாக வேண்டும்; தவறினால் அடுத்த பெரிய ஏற்றத்துக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதுதான். தடைக்காலம் முடிந்து மறுநாள் மீன்பிடி தொடங்குகிறது.

நட்டோ உடும்புப்பிடி. எண்ணெய் விட்டோம், தீயில் சுட்டோம், சுத்தியலால் தட்டினோம். மசியவில்லை. கடைசியில் நான் வெளியே ஸ்பானரோடு நின்றேன். மச்சான் படகுக்குள்ளே, புரொப்பல்லரின் தண்டு சுழலாமல் பைப் ரெஞ்சால் பிடித்திருந்தான். மனைவி நடுவில் ஏணிமேல். பக்கத்துப் படகில் துரு சுரண்டும் சத்தத்தில் உள்ளே அவள் பேசுவது எனக்குக் கேட்காது.

"நான் இடது பக்கம் திருப்புறேன்னு சொல்லு."

அவள் உள்ளே தலையை நீட்டிவிட்டுத் திரும்பினாள். "அப்படின்னா அவன் வலது பக்கம் இழுக்கிறானாம்."

நான் எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகச் செய்வது அவனுடைய பிறவிக் குணம். இன்றைக்குத்தான் அது உருப்படியாகப் பயன்படுகிறது என்று சந்தோஷப்பட்டேன். மூச்சைப் பிடித்துத் திருப்பினேன். நட்டு சுற்றியது. கூடவே புரொப்பல்லரும் சுற்றியது. மத்தியானம் முழுக்க நான் இடது, அவன் வலது. நட்டும் தண்டும் புதுமணத் தம்பதி மாதிரி ஒன்றாகவே சுற்றி வந்தன.

"ஒழுங்காப் பிடிக்கச் சொல்லு. சோறுதானே திங்கிறான்?"

போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "மாமாவுக்குக் கை புண்ணாயிடும், பாவம்னு வருத்தப்படுறான்."

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. என்ன இருந்தாலும் நல்ல பிள்ளை.

தண்ணீர் சரிவின் அடியைத் தொட்டது. அவள் என்னையும் உள்ளே அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லாமலே உள்ளே ஏதோ சொன்னாள். மறுநிமிடம் நான் பழையபடி இடதுக்குத் திருப்ப, 'டக்'கென்று நட்டு விட்டுக்கொடுத்தது. நான் உட்கார்ந்தே விட்டேன்.

"என்ன சொன்னே?"

"மாமா இப்ப வலது பக்கம் திருப்புறார்னு சொன்னேன். உடனே அவன் இடதுக்கு மாறிட்டான். ரெண்டு பேரும் எதிரெதிரா நிக்கிறீங்க. உங்க இடதும் அவனோட வலதும் ஒரே பக்கம்தானே."

"அதை எங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேட்டிருப்பீங்களாக்கும்."

எனக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. "இதுக்கு முன்னாடியும் மாத்திச் சொல்லியிருக்கியா?"

"ஒரு தடவை நீங்க சொன்னதை அப்படியே சொல்லியிருந்தாலும் படகு ரெண்டா அறுபட்டிருக்கும்."

"அப்ப என் கை புண்ணாயிடும்னு அவன் வருத்தப்பட்டது?"

ஏணியிலிருந்து இறங்கினாள். என் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள்.

"அது நான் பட்ட வருத்தம். தண்ணி ஏறுது, புதுசை மாட்டுங்க."