நத்தைக்குள் இருந்த மண்

செத்தவர்களுடைய பெயர்களை எழுதிக்கொண்டுபோக அனிற்றா அன்று காலையிலேயே வந்துவிட்டாள். நவம்பர் இரண்டாம் திகதி, சகல ஆத்துமாக்களின் திருநாள் பூசையில் வாசிப்பதற்கு எங்கள் கோயில் ஆட்களிடம் பட்டியல் எடுப்பது அவளுடைய பொறுப்பு. நாலு வருடமாக என்னிடமிருந்து வெறுங்கையோடு திரும்புகிறவள்.

"அக்கா, இந்த முறையாவது எமிலியானுஸ் அண்ணையின்ரை பேரைக் குடுங்கோவன்."

"அவர் செத்ததை நீ கண்டனியோ?"

கொப்பியை மூடிக்கொண்டு போய்விட்டாள். நான் மட்டும் கண்டேனா? தொண்ணூறில் என் மனுசன் மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறப் போனார். வள்ளம் கவிழ்ந்தது என்றார்கள் சிலர். கரைக்கு வரமுன்னமே யாரோ ஜீப்பில் ஏற்றி முருங்கன் பக்கம் கொண்டுபோனார்கள் என்றார்கள் வேறு சிலர். கடல் என்றால் அழுது முடிக்கலாம். ஜீப் என்றால் எங்காவது உயிரோடு இருக்கவும் கூடும்.

அந்த எரிச்சலோடுதான் இங்கே இத்தாலியில், கபோ சந்தையடியில், நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடும் அம்மாவின் வீட்டுக்கு வேலைக்குப் போனேன். பல்கலைக்கழகத்தில் படிப்பித்து ஓய்ந்த மனுசி. அலுமாரி நிறையக் கல்லாய்ப்போன நத்தைகள். இளவயதில் கரீபியன் தீவொன்றின் ஆற்றங்கரையில் தோண்டியெடுத்தவை. ஒரு கோடி வருடத்துக்கு முன்னால் அந்த இடம் கடலாம். அவர் சந்தைக்குப் போயிருந்த நேரம் ஒரு லாச்சியை இழுத்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் மண். மன்னாரில் சங்கு வீட்டுக்கு வந்தால் ஈர்க்கால் குடைந்து, கழுவித்தான் வைப்போம். கழுவாதவளைச் சோம்பேறி என்பார்கள். என் கெட்டித்தனத்தை அங்கேயும் காட்டினேன். நூற்றிநாற்பது நத்தைகள்.

சிஞ்ஞோரா திரும்பிவந்து கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் துவாயில் காய்ந்த நத்தைகளைப் பார்த்து அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்கூசி, சிஞ்ஞோரா. ஊத்தையெண்டு நினைச்சன்" என்றேன் பாதி இத்தாலியனிலும் பாதி தமிழிலும்.

எனக்கு விளங்கவேண்டும் என்று மெல்ல மெல்லச் சொன்னார். நத்தை எல்லாம் ஒரே சாதி. உள்ளே கறுத்த சேறு இருந்தால் கடற்புல்லுக்குள் வாழ்ந்தது. வெள்ளை மணல் என்றால் பவளப்பாறைப் பக்கம்.

"மண் போய்விட்டது, அகஸ்ரீனா. இது எங்கே செத்ததென்று இனி யாராலும் சொல்லமுடியாது."

எனக்கு என் மனுசன் போட்டிருந்த சேட்டு நினைவுக்கு வந்தது. அவர் வள்ளம் ஏறப் போன அடுத்த கிழமை, மன்னாரில் எங்கள் கோயில் வாசலில் யாரோ அவருடைய சேட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பொக்கற்றுக்குள் மண் அப்பியிருந்தது. எங்கள் கரையில் மணல் வெள்ளை, முருங்கனில் களி கறுப்பு. அப்பியிருந்தது எந்த நிறமென்று நான் பார்க்கவேயில்லை. வந்தால் போடுவார் என்று மூன்று தண்ணியில் அலசிக் காயவைத்தேன். என் கையாலேயே கழுவி ஊற்றினேன், படுபாவி.

சிஞ்ஞோராவிடம் பூதக்கண்ணாடியை இரவல் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் தந்தார்.

பின்னேரம் அறைக்கு வந்து, பெட்டிக்கு அடியிலிருந்த சேட்டை எடுத்துப் பொக்கற்றைப் புரட்டினேன். தையல் மடிப்பை ஊசியால் கிளறக் கிளற, கடுகில் கால்வாசி கூட இல்லாத ஒரு மணி என் நகத்தில் ஒட்டியது. யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். மூச்சுப் பட்டுப் பறந்துவிடுமென்று வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணாடியை அதற்கு நேரே பிடித்தேன். கண்ணைத்தான் இன்னும் திறக்கவில்லை.