உயிர்ப்பெட்டி

கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்வங்களே. கால்களைக் கம்பளிக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். வலைக்காரி டெல்ஃபின் ஏமாந்த கதையும், ஏமாந்ததோடு நிற்காத கதையும் சொல்கிறேன்.

விடியுமுன்பே டெல்ஃபினும் அவள் கணவன் கிளிஃபோர்டும் ஆற்று முகத்துவாரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெல்லி மீன் பட்ட டெல்ஃபினின் மணிக்கட்டு தீயாய் எரிந்தது. சால்மன்களுக்கு நடுவே எஃகு நிற முதுகோடு ஒரு ஸ்டீல்ஹெட் மீன் மாட்டியிருந்தது. அழிந்துகொண்டிருக்கும் இனம். டெல்ஃபின் வலைக்கண்ணியை அறுத்து, துவண்ட மீனைத் தெளியவைக்கப் படகிலிருந்த உயிர்ப்பெட்டிக்குள் வைத்தாள். ஆற்றுநீர் அதன் வாய்க்குள் பாய்ந்தது. செவுள் அசையும்வரை அவள் நகரவில்லை.

“எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இப்படிப் பாத்துக்கிட்டியாடி?” என்றான் கிளிஃபோர்ட்.

“நீ என்ன, அழிஞ்சுபோற இனமா?”

மீன் உயிர் பெற்று ஆற்றில் இறங்கியது.

எல்லாப் படகிலும் அந்தப் பெட்டியை வைக்கச் சொன்னவர் மீன் ஆலை முதலாளி ஹால்டேன். “மாட்டுற ஸ்டீல்ஹெட்ட ஒண்ணுவிடாம எங்கிட்ட சொல்லுங்க. அரசாங்கம் தடை போட்டு ஆத்த உங்களுக்கு மூடாம நான் பாத்துக்கிறேன்” என்று கைகொடுத்திருந்தார். அவர்களும் ஒன்றைக்கூட மறைக்கவில்லை.

அன்று துறைக்குத் திரும்பியபோது ஆலை பூட்டியிருந்தது. ஸ்டீல்ஹெட்டைக் காக்க, வலைப் படகுகள் இனி மீன்பிடிக்கக் கூடாதென்று அரசாங்கம் ஆற்றை மூடிவிட்டதாம். வருஷச் சாப்பாட்டைச் சம்பாதித்துக்கொடுக்கும் சால்மன் காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

“எங்க வலையில ஸ்டீல்ஹெட் மாட்டுதுன்னு அரசாங்கக் கூட்டத்துல சொன்னது நீங்கதானா?” துறையில் நின்ற ஹால்டேனிடம் டெல்ஃபின் கேட்டாள்.

“நீங்க சொன்னதத்தாம்மா சொன்னேன்” என்றார் ஹால்டேன்.

“பொழைக்க வச்சு விட்டோமே, அதச் சொன்னீங்களா?”

அவர் ஆலைப் பூட்டை இழுத்துப் பார்த்தார்.

“மேலாத்துல மீன்பிடிக்க வர்ற பணக்காரங்களுக்கு நீங்க நடத்துற விடுதிக்கு மட்டும் ஆறு மூடலயா?”

“அது தூண்டில். விளையாட்டு. பிடிச்சுட்டு உயிரோட ஆத்துலயே விட்டுருவாங்க.”

விடுதிக்குச் சாமான் ஏற்ற வந்திருந்த விடுதிப் படகோட்டி ரோடி தொண்டையைச் செருமினான். “படம் எடுக்க மீனத் தூக்கித் தூக்கிப் பிடிச்சு, செத்து மிதந்தத நான்தான துடுப்பால தள்ளிவிட்டேன்.”

“உனக்கு வேலை வேணுமா, வேணாமா?”

ரோடி அடுத்த மூட்டையைத் தூக்கினான்.

வாக்குக் கொடுத்த நாளில் அவரோடு குலுக்கிய வலக்கையை டெல்ஃபின் கால்சட்டையில் அழுத்தித் துடைத்தாள். “மீனுக்காகன்னா நாங்க கரையில நிக்கிறோம். ஆனா மூடுனா எல்லாருக்கும் மூடணும்.”

மறுநாள் விடியலில் வலைப் படகுகள் வலையில்லாமல் மேலாற்றுக்குப் போய், விடுதித் துறையை அடைத்து வரிசையாய் நின்றன. ஒவ்வொன்றிலும் காலியான உயிர்ப்பெட்டி. தூண்டில்களோடு விருந்தாளிகள் விழித்துக்கொண்டு நின்றார்கள். ரோடி தன் துடுப்புகளைக் கொண்டுவந்து டெல்ஃபின் படகில் போட்டான். விடுதியின் இன்னொரு படகோட்டியும் போட்டான்.

“வேலை போச்சுக்கா.”

“ஏறிக்க. காப்பி சூடா இருக்கு.”

ஹால்டேன் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். ஆறு யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. படகு ஒன்றுகூட நகரவில்லை. அவற்றின் அடியில் ஸ்டீல்ஹெட்கள் மேலேறிக்கொண்டிருந்தன.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும், செல்வங்களே. உங்கள் வாசலுக்குக் கைகொடுக்க வருகிறவர்கள் சொன்ன சொல்லைக் காப்பவர்களாக இருக்கட்டும்.