ஏஜென்ட்டுக்கு உப்பு வாரத் தெரியவில்லை

எனக்கு ஒரே ஒரு வசனம். "புது ஆளா? இந்தா பலகை, வந்து வாரு." அவ்வளவுதான். அதற்காக மூன்று நாளாக எனக்குத் தூக்கமே இல்லை. மரக்காணம் பூராவும் சொல்லியாகிவிட்டது. நாத்தனார் அஞ்சம்மாளிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னேன், முதல் தடவை அவள் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள் என்பதால்.

அது ஒரு காமெடிப் படம். உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பிய உளவாளி ஒருவன் தொட்டதையெல்லாம் சொதப்புகிறான். வில்லன் ஆட்கள் துரத்த, எங்கள் உப்பளத்துக்குள் ஓடி வந்து, கைலியும் தலைத்துண்டும் கட்டிக்கொண்டு எங்களோடு உப்பு வாருகிறான். பன்னிரண்டு தடியன்கள் துப்பாக்கியோடு தேடியும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போகிறார்கள். ஏஜென்ட்டாக நடித்தவர் பிரபாகரன். நல்ல பிள்ளை, என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

டைரக்டர் கௌதம் 'ஆக்‌ஷன்' என்றார். வசனத்தைப் பிசகாமல் சொன்னேன். பலகையை வாங்கிய பிரபாகரன் அதை ஓங்கி அழுத்தி ஓர் இழு இழுத்தார் பாருங்கள், பாத்தியின் அடிச்சேறு மொத்தமும் உப்போடு கிளம்பி வந்தது. வெள்ளை உப்பு கறுத்துப்போனது.

"யோவ், அழுத்தாதய்யா. மேலாக்க இழு. சேறு வருது பாரு."

"கட்," என்றார் கௌதம். "சிவசங்கரி அக்கா, அவரு தப்பா வாருனாலும் நீங்க கண்டுக்கக் கூடாது. உங்களுக்கு அவரு யாருன்னே தெரியாது."

"சரிங்க சார்."

கண்டுகொள்ளாமல் எப்படி இருப்பது? அடுத்த டேக்கில் பலகையைச் சாய்த்துப் பிடித்தார், சொன்னேன். அதற்கடுத்து, வாரிய உப்பை வரப்பில் ஏற்றாமல் பாத்திக்குள்ளேயே குவித்தார், அதையும் சொன்னேன். வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போகிறேன், பலகை தப்பாக அசைந்ததும் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. இருபத்தொரு வருஷமாக உப்பு வாருகிறவள் நான். இப்படியே ஆறு டேக் போனது. வேனுக்குப் பக்கத்தில், சென்னையிலிருந்து வந்த துணை நடிகை ஒருத்திக்கு என்னுடையதைப் போலவே சேலை கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். என் ஒரே வசனமும் அவளுக்குப் போகப்போகிறது.

கௌதம் மானிட்டரில் பழைய டேக்குகளைப் பார்த்துவிட்டுத் தனியாகச் சிரித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"அக்கா, சீனை மாத்திட்டேன். பன்னெண்டு பேரு தேடியும் கிடைக்காத ஆளை நீங்கதான் காட்டிக் குடுக்குறீங்க. அவரு வாருறதப் பாத்தே டூப்ளிகேட்டுன்னு கண்டுபுடிக்கணும். வசனமெல்லாம் வேணாம், வாய்க்கு வந்ததத் திட்டுங்க. ஆனா வெயில் எறங்கிடுச்சி. ஒரே டேக்தான்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. திட்டுவதற்கு எனக்கு எவனாவது சொல்லித்தர வேண்டுமா என்ன?

"ஆக்‌ஷன்."

பிரபாகரன் பலகையை எடுத்தார். மேலாக இழுத்தார். துளி சேறு வரவில்லை. பஞ்சு மாதிரி வெள்ளை உப்பை வரப்பில் ஏற்றிவிட்டு, தானும் வரப்பில் ஏறி நின்றார். ஆறு டேக்கும் நான் திட்டித் திட்டியே அந்த மனுஷனுக்கு வேலையைப் பழக்கிவிட்டிருக்கிறேன், பாழாய்ப்போன வாய். வில்லன் ஆட்கள் என்னையே பார்க்கிறார்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு குறை வேண்டும். கையைப் பார்த்தேன், பலகையைப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. கண்ணைக் கீழே இறக்கினேன்.

"ஏம்பா, வேலையெல்லாம் சரியாத்தான் செய்யிற," என்றேன். "ஆனா இது உப்பளத்துக் காலு இல்லியே."

அவர் பாதம் மழமழவென்று இருந்தது. அதன் பக்கத்தில் என் பாதத்தை வைத்தேன். உப்பு அரித்து, குதிகால் வெடித்து, விரலிடுக்கெல்லாம் புண்ணாகிப்போன பாதம்.

"இதான் உப்பளத்துக் காலு."

காமெடிப் படம்தான், ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பிரபாகரன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பலகையை என்னிடம் கொடுத்துவிட்டு, வில்லன் ஆட்கள் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் மேலே தூக்கினார். அதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கௌதம் 'கட்' சொல்ல மறந்தே போனார். துணை நடிகை கை தட்டிய பிறகுதான் சொன்னார்.